டானியோவும் தானியமும்: வீட்டு மீன்தொட்டியின் இரு வரலாறுகள்

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் செல்லப்பிராணிச் சந்தையிலும் சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலும், முதன்முறையாக மீன்தொட்டி அமைக்க விரும்புவோருக்குப் பரிந்துரைக்கப்படும் மீன்களுள் ஒன்று 'ஜீப்ரா டானியோ'. விரல் நீளம்கூட இல்லாத உடல். தலையிலிருந்து வால் முனைவரை ஓடும் நீலக் கோடுகள். ஓரிடத்தில் நில்லாத துடிப்பு. விலை குறைவு, எளிதில் சாகாது. வாங்குபவரும் விற்பவரும் அதன் பெயரை ஆங்கிலப் பெயராகவே கருதுகின்றனர்.

அப்பெயரின் முற்பாதி ஐரோப்பா வழியாக வந்தது. பிற்பாதி அவ்வாறு வந்ததன்று. வங்கமொழியில் 'தான்' என்பது நெல். 'தானி' என்றால் நெல்வயலைச் சார்ந்தது. வயல்நீரில் திரியும் சிறுமீன்களுக்கு வங்க மக்கள் வழங்கிய பெயர் அது. இலத்தீன் ஈறு பெற்று அது 'டானியோ' ஆயிற்று. 'தான்' என்னும் வங்கச் சொல்லின் மூலம் வடமொழியின் 'தான்ய'. தமிழர் நாள்தோறும் வழங்கும் 'தானியம்' என்னும் சொல்லும் அதே மூலத்தினின்று வந்ததே. ஆக, கொளத்தூர்க் கடையில் 'டானியோ' என்று கேட்டு வாங்குபவர், தம் மொழியில் ஏற்கெனவே உள்ள ஒரு சொல்லின் உடன்பிறப்பை அயற்சொல் என்று எண்ணி உச்சரிக்கிறார்.

வீட்டு மீன்தொட்டி ஒன்று நிலைபெற இரண்டு தேவை: கெடாத நீர், அந்நீரில் வாழவல்ல மீன். முதலாவதன் வரலாறு இலண்டனின் வேதியியல் கூடமொன்றில் தொடங்குகிறது. இரண்டாவதன் வரலாறு வங்கத்து வயல்களிலும் ஆறுகளிலும் தொடங்குகிறது. மீன்தொட்டியின் வரலாறாக வழக்கமாகச் சொல்லப்படுவது முதலாவது மட்டுமே.

மீனைக் கண்ணாடிக் கலத்தில் இட்டுப் பார்த்து மகிழ்வது புதிய பழக்கமன்று. சீனர் சொங் அரச காலத்திலேயே தங்கமீன்களை வளர்த்தனர். கண்ணாடிக் குவளையில் நீந்தும் மீன்களைக் கண்டு வியந்ததை 1665இல் சாமுவேல் பெப்பிஸ் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஆயினும் இவையெல்லாம் நீரை மாற்றிக்கொண்டே இருக்கும் வரையில் நீடித்த காட்சிகள். நீரை மாற்றாமல் மீனை வாழவைக்க முடியுமா என்னும் வினா 19ஆம் நூற்றாண்டின் வேதியியலுக்கு உரியது.

அவ்வினாவுக்கான முன்தயாரிப்பு பல இடங்களில் நிகழ்ந்தது. சிசிலியின் மெசினா நகரில் வாழ்ந்த ழான் வில்ப்ரோ-பவர் 1830களில் ஆர்கொனாட் என்னும் கடலுயிரியின் ஓட்டை அது தானே உருவாக்குகிறதா என அறியக் கண்ணாடித் தொட்டிகள் அமைத்து ஆராய்ந்தார். இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடிகள் நெடுங்காலம் வாழ்வதைக் கண்டறிந்து 1842இல் நூலாக வெளியிட்டார். அன்னா தின் என்னும் பெண்மணி 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்து, கடல்நீரைக் கலம் விட்டுக் கலம் ஊற்றிக் காற்றேற்றி அவற்றைக் காப்பாற்றினார். ஊற்றும் வேலையைச் செய்தவர் அவ்வீட்டுப் பணிப்பெண். இன்று கடையில் வாங்கும் காற்றுக் குழாய் செய்யும் பணியை அன்று ஒரு பெண்ணின் கைகள் செய்தன.

ராபர்ட் வாரிங்டன் இலண்டன் மருந்தாளுநர் கழகத்தின் வேதியியலாளர். அவர் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் மணலும் கல்லும் இட்டு, வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தை நட்டு, இரு சிறு தங்கமீன்களை விட்டார். மீன்கள் வெளிவிடும் கரிவளியைத் தாவரம் ஏற்று உயிர்வளியைத் திருப்பித் தரும் என்பது அவர் எதிர்பார்ப்பு. சில நாளில் தாவரத்தின் இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று, கண்ணாடியில் பாசி படர்ந்தது. வாரிங்டன் அதற்கு மருந்து தேடவில்லை. இயற்கைக் குளத்தில் அழுகிய இலையை உண்பவை எவை என்று நோக்கினார். குளத்து நத்தைகளைக் கொணர்ந்து விட்டார், நீர் தெளிந்தது. மீன், தாவரம், நத்தை என்னும் முக்கூட்டின் சமநிலையை விளக்கி 1850இல் அவர் வேதியியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையே வீட்டு மீன்தொட்டியின் தொடக்க ஆவணமாகக் கருதப்படுகிறது.

அடுத்து நிகழ்ந்தது ஒரு பெருவிருப்பின் பரவல். பிரித்தானியாவில் கண்ணாடி வரி 1845இல் நீக்கப்பட்டிருந்தது, கண்ணாடி மலிந்தது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்களுக்கான தனிக் கூடம் திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி காஸ் 1854இல் வெளியிட்ட நூலின் வாயிலாக 'அக்வேரியம்' என்னும் சொல் நிலைபெற்றது. அதற்கு முன் 'விவேரியம்', 'அக்வா-விவேரியம்' என்பன வழங்கின. பழைய இலத்தீனில் 'அக்வேரியம்' என்பது கால்நடைகள் நீர் அருந்தும் இடத்தைக் குறித்தது. மாடு நீர் குடித்த தொட்டியின் பெயர் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்கு ஏறியது சொற்பொருள் மாற்றத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இவ்விருப்பத்துக்கு ஒரு விலையும் இருந்தது. காஸின் நூல்களைப் படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைப் பாறைகளை நோக்கிச் சென்றனர். சில ஆண்டுகளில் இங்கிலாந்துத் தென்கரைப் பாறைக்குட்டைகள் வறுமையுற்றன. அக்கரையின் அழகு அழிந்ததையும், அதில் தம் தந்தையின் எழுத்துக்கு இருந்த பங்கையும் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட நினைவு நூலில் வருத்தத்துடன் பதிவு செய்தார். வீட்டுக்குள் இயற்கையைக் கொண்டுவரும் ஆசை வெளியிலுள்ள இயற்கையைக் குறைக்கும் என்பது இக்கலையின் முதல் தலைமுறையிலேயே தெரிந்துவிட்டது.

வாரிங்டனின் விளக்கத்தில் ஒரு குறை இருந்தது. அவரது தொட்டி நிலைத்தது உண்மை. அது ஏன் நிலைத்தது என்பதற்கு அவர் தந்த காரணம் முழுமையானதன்று. தாவரம் பகலில் மட்டுமே உயிர்வளியை மிகுதியாக வெளிவிடும். இரவில் அதுவும் மீனைப்போல் மூச்சுவிடும். தொட்டிநீருக்கு உயிர்வளி பெரிதும் நீரின் மேற்பரப்பு வழியாகவே சேர்கிறது. உயரமும் குறுக்கமுமான தொட்டியைவிட, அதே கொள்ளளவுள்ள நீளமும் அகலமுமான தொட்டி நல்லது என்று இன்று சொல்லப்படுவதன் காரணம் இதுவே. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினால் நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பு மேலும் சுருங்குகிறது.

பெரிய அபாயம் கரிவளியன்று, அம்மோனியா. மீனின் செவுளிலிருந்து வெளியேறுவதும், உண்ணாது எஞ்சிய இரை அழுகி உண்டாவதும் அதுவே. மிகச் சிறிய அளவிலேயே அது மீனைக் கொல்லும். வாரிங்டனின் தொட்டியில் அந்த அம்மோனியா எங்கே போயிற்று?

இவ்வினாவின் விடையில் பெரும்பங்கை அளித்தவர் வாரிங்டனின் மகனே. அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன் என்பதே. 1838இல் பிறந்த அவர் வேளாண் வேதியியலாளர். ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் செயல் என்று ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் 1877இல் காட்டினர். இளைய வாரிங்டன் அதை உறுதி செய்ததுடன், அம்மாற்றம் இரு படிகளில் நிகழ்வதையும் ஆய்வால் கண்டார். முதற்படியில் அம்மோனியா நைட்ரைட்டாகிறது. இரண்டாம் படியில் நைட்ரைட் நைட்ரேட்டாகிறது. அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. அதை 1890இல் வினோகிராட்ஸ்கி செய்துமுடித்தார்.

மகன் ஆராய்ந்தது கோதுமை வயலின் மண். தந்தை நோக்கியது தங்கமீனின் நீர். இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே. தந்தையின் தொட்டியிலிருந்த மணலிலும் கல்லிலும் தாவரத்தின் தண்டிலும் ஒட்டி வளர்ந்த கண்ணுக்குப் புலப்படா உயிர்கள், நத்தைக்குப் போன புகழில் பெரும்பகுதிக்கு உரியவை. அவ்வறிவு மீன் வளர்ப்போரிடையே பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. இவ்வரலாறு இன்னும் முடியவில்லை. இரு படிகளையும் தனியொரு நுண்ணுயிரே செய்ய வல்லது என்று 2015இல் இரு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அவற்றுள் ஒன்று அவ்வுயிரைக் கண்டெடுத்தது மீன்வளர்ப்பு அமைப்பொன்றின் நீர்வடிகட்டியில்.

புதுத் தொட்டி வாங்கிய அன்றே மீனை விடலாகாது என்னும் அறிவுரையின் பின்னால் இருப்பது இந்த வரலாறே. நுண்ணுயிர்க் கூட்டம் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம்வரை ஆகும். நீர் தெளிவாகத் தெரிவது அதற்குச் சான்றன்று, அம்மோனியாவுக்கு நிறமில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு வந்து நைட்ரேட் தோன்றியிருப்பதைச் சோதனைக் கரைசல்கொண்டு அறிவதே முறை. வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால் நீரிலுள்ள குளோரின் அந்நுண்ணுயிர்களை அழித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுவதே தக்கது. 'சுத்தம்' என்னும் எண்ணத்தில் எல்லாவற்றையும் ஒருசேரக் கழுவிய மறுவாரம் மீன்கள் மடிவது பல வீடுகளில் நிகழ்வது. தூய்மை என்று அங்கே அகற்றப்பட்டது, தொட்டியைத் தூய்மையாக வைத்திருந்த உயிர்க்கூட்டம்.

இனி இரண்டாம் வரலாறு.

பிரான்சிஸ் புக்கானன் ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர்; 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்க மருத்துவப் பணியில் சேர்ந்தவர். பிற்காலத்தில் ஹாமில்டன் என்னும் பெயரை ஏற்றார். 1800இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளப் பகுதிகளைச் சுற்றி நில, பயிர், தொழில் விவரங்களைத் திரட்டியவரும் இவரே. 1807 முதல் 1814வரை வங்க மாகாணத்தில் இவர் நடத்திய அளவாய்வின் ஊடே மீன்களையும் தொகுத்தார். உள்ளூர் ஓவியர்கள் அவற்றை வரைந்தனர். 1815இல் நாடு திரும்புகையில் ஓவியங்களில் பெரும்பகுதியைக் கொல்கத்தாவிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது. கங்கையிலும் அதன் கிளைகளிலும் வாழும் மீன்களைப் பற்றிய அவரது நூல் 1822இல் எடின்பரோவில் வெளிவந்தது. அறிவியலுலகு அதுவரை அறியாத நூற்றுக்கும் மேற்பட்ட மீன்கள் அதில் விவரிக்கப்பட்டன. கோசி ஆற்றிலிருந்து பெற்ற ஒரு வரிமீனுக்கு அவர் இட்ட பெயரே 'ரெரியோ'.

மொழியியல் மாணவருக்கு அந்நூல் ஒரு சொற்களஞ்சியம். ஹாமில்டன் மீன்களுக்குக் கிரேக்கப் பெயர்களைப் புனையாமல், மக்கள் வழங்கிய பெயர்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டு இலத்தீன் ஈறு சேர்த்தார். 'புண்ட்டி' என்னும் வங்கச் சொல்லில் முதலுயிர் மூக்கொலி பெற்றது. அம்மூக்கொலி தனி மெய்யாக எழுதப்பட்டு 'புன்டியஸ்' ஆயிற்று. 'கொலிஷா' தன் மூச்சொலியை இழந்து 'கொலிசா' ஆயிற்று. சிவப்பைக் குறிக்கும் 'லால்' என்பதிலிருந்து 'லாலியஸ்' பிறந்தது. இன்று கடைகளில் 'ட்வார்ஃப் கௌராமி' என்று விற்கப்படுவது அதுவே.

இப்பெயர்களுள் வங்க உச்சரிப்பே உறைந்துகிடக்கிறது. வடமொழியில் 'சபரீ' என்பது துள்ளும் சிறுமீன். காளிதாசரின் மேகதூதத்திலும் அது வருகிறது. வடமொழி அகரத்தை வங்கமொழி ஒகரச் சாயலுடன் ஒலிக்கும். ஆகவே ஹாமில்டன் எழுதியது 'சொஃபோரே'. பொன்னைக் குறிக்கும் 'காஞ்சன' என்னும் சொல் வங்க நாவில் 'காஞ்சொன்' ஆகும். 'ரோஸி பார்ப்' என இன்று வழங்கும் மீனின் பெயர் 'கொன்கோனியஸ்' என அமைந்தது அதனால்தான். தமிழரின் 'காஞ்சன'த்துக்கும் அதற்கும் உறவுண்டு. ஈரநூற்றாண்டுக்கு முன் ஒரு கரையில் ஒலித்த குரல், அறிவியல் பெயரின் எழுத்துக்கூட்டலில் எஞ்சியுள்ளது. அக்குரலுக்கு உரியவரின் பெயர் எஞ்சவில்லை.

இம்மீன்கள் ஐரோப்பிய வீடுகளுக்குச் செல்லக் காலம் பிடித்தது. 1856இல் எமில் ரோஸ்மேஸ்லர் ஜெர்மானிய இதழொன்றில் எழுதிய கட்டுரையும் அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலும் அங்கே நன்னீர்த் தொட்டியைப் பரப்பின. பாரிஸின் பியர் கார்போனியே 1869இல் சீனத்துச் சொர்க்கமீனை இனப்பெருக்கம் செய்வித்தார்; 1870களில் இந்தியக் கொலிசா மீனின் கூடுகட்டும் இயல்பையும் விவரித்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டானியோவும் ஜெர்மானியத் தொட்டிகளை அடைந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் 1909இல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டது. மும்பையின் தாராபோர்வாலா காட்சியகம் 1951இல் திறக்கப்பட்டது. டானியோவும் ரோஸி பார்ப்பும் இந்திய வீடுகளில் பரவியபோது ஆங்கிலப் பெயர்களுடனேயே பரவின.

டானியோ ஏன் எளிதில் சாவதில்லை? விடை அதன் பெயரிலேயே உள்ளது. அது வயல்நீரின் மீன். ஆழமற்ற, மெல்ல ஓடும் அல்லது தேங்கிய நீர், ஓடைக்கரை, நெல்வயல் ஆகியவையே அதன் இருப்பிடம். பருவமழையில் வயல் நிறையும். கோடையில் வற்றிச் சுடும். வடக்கின் குளிர்காலத்தில் நீர் தண்ணென்று ஆகும். இம்மாற்றங்களையெல்லாம் தாங்கி உருவான உடல் அது. ஆதலின் இந்தியச் சமவெளியின் பெரும்பாலான வீடுகளில் அதற்கு ஹீட்டர் தேவைப்படுவதில்லை. வயலில் கூட்டமாகத் திரிவதால் ஒன்றிரண்டாக வளர்த்தால் அது நிலைகொள்ளாது; ஆறுக்குக் குறையாமல் வளர்ப்பதே இயல்பு. விரைந்து நீந்துவதால் உயரத்தைவிட நீளமே அதற்கு வேண்டும். இரண்டடி நீளம் தக்க தொடக்கம். துள்ளும் இயல்பினதாகையால் மூடி இன்றியமையாதது. எந்த மீன் எத்தொட்டிக்கு என்னும் வினாவை நிறத்திலும் விலையிலும் தொடங்காமல், அது எந்நீரிலிருந்து வந்தது என்பதில் தொடங்கினால் பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வெளிமையே டானியோவை வேறோர் இடத்துக்கும் கொண்டு சேர்த்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் நுண்ணுயிர் மரபியலாளர், மீன்தொட்டி ஆர்வலர். முதுகெலும்புள்ள உயிரொன்றின் மரபியலை ஆராய விரும்பியபோது அவர் தேர்ந்தது செல்லப்பிராணிக் கடையில் கிடைத்த இம்மீனை. முட்டை உடலுக்கு வெளியே வளர்கிறது. கரு ஒளிபுகும் தன்மையது. உறுப்புகள் உருவாவதை உருப்பெருக்கியின் கீழ் நேரே காணலாம். 1981இல் அவரும் அவர் குழுவினரும் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் டானியோ உலகெங்கும் ஆய்வுக்கூட உயிரானது. 2013இல் அதன் முழு மரபுத்தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு அதில் இணை உண்டு எனத் தெரியவந்தது.

ஆயினும் ஒரு வினா நெடுங்காலம் விடைபெறாமல் நின்றது: இம்மீனில் ஆண், பெண் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது? பெரும்பாலான கூடங்கள் நம்பியிருந்த ஏபி, டியூபிங்கன் என்னும் வளர்ப்பு வகைகளில் பாலினத்துக்கான தெளிவான மரபணுப் பகுதி தென்படவேயில்லை. 2014இல் வெளியான ஆய்வொன்று காட்டியது வேறு. வங்கத்தின் நதியா, கூச்பிகார் போன்ற இடங்களின் காட்டுமீன்களிலிருந்து வந்த வகைகளில் நான்காம் குரோமோசோமின் ஒரு முனையில் அப்பகுதி தெளிவாகவே இருந்தது. தொட்டியிலும் ஆய்வுக்கூடத்திலும் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட மீன்கள் அதை இழந்திருந்தன. உலகின் மிகுதியாக ஆராயப்பட்ட மீன்களுள் ஒன்றைப் பற்றிய அடிப்படை வினாவுக்கு விடைகாண, அதன் பெயர் பிறந்த நிலத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது.

அந்நிலத்தின் நிலையும் கருதத்தக்கது. பூச்சிமருந்து தெளிக்கப்படும் வயலிலும் நிரப்பி மனையாக்கப்படும் தாழ்நிலத்திலும் இத்தகைய சிறுமீன்களுக்கு இடமில்லை. கேரளத்தின் மீனொன்று இன்னும் கடிய எச்சரிக்கை. மலையாளிகள் 'செங்கணியான்' என்றழைத்த அதனை 1865இல் பிரான்சிஸ் டே அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். சென்னை ஆளுநராயிருந்த வில்லியம் டெனிசனின் பெயர் அதற்கு இடப்பட்டது. வண்ணமீன் சந்தை அதை 'மிஸ் கேரளா' என்றது. மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து அது பெருமளவில் பிடிக்கப்பட, 2008இல் கேரள அரசு பிடிப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. இன்று அது அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. காஸின் கடற்கரையில் நிகழ்ந்தது மலையோடையில் மீண்டும் நிகழ்ந்தது. தொட்டிக்கு மீன் தேர்வோர் அது பண்ணையில் பிறந்ததா, ஓடையில் பிடிபட்டதா என்று கேட்பதன் தேவை இங்கேதான் உள்ளது.

அறிவியல் பெயர்களும் நிலையானவை அல்ல. கொலிசா மீன்கள் இன்று 'டிரைகோகாஸ்டர்' என்னும் கிரேக்கப் பெயரின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. அவ்வங்கச் சொல் பேரினப் பெயராக இப்போது இல்லை. ரோஸி பார்ப் 2012இல் 'புன்டியஸ்' பேரினத்தினின்று பிரிக்கப்பட்டு, சிறுமீன்களைக் குறிக்கும் சிங்களச் சொல்லால் அமைந்த 'பெத்தியா'வில் சேர்க்கப்பட்டது. ஒரு தெற்காசிய மொழியின் இடத்தை மற்றொன்று ஏற்றது. டானியோ மட்டும் 1822 முதல் தன் வயலைப் பெயரில் சுமந்து நிற்கிறது.

வீட்டின் ஒரு மூலையில், இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில், ஆறு வரிமீன்கள் நீந்துகின்றன. மணலில் ஒட்டிய நுண்ணுயிர்கள், வயல்மண்ணில் இளைய வாரிங்டன் கண்ட அதே வேலையைச் செய்கின்றன. மீன்களின் பெயர், அவை விட்டுவந்த வயலைச் சொல்கிறது. தொட்டிக்குள் இருப்பது கடைச்சரக்கன்று. நீரும் உயிரும் பெயரும் எடுக்கப்பட்ட ஒரு நெல்வயலின் சிறு பகுதி.